ரீகால் கவர் யார் வீட்டுக்குப் போச்சு?

போன மாதம் இந்தப் பகுதியில், மின் பாகம் ஒன்றில் குறை என்று கார் கம்பெனிகள் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தருகிற ‘ரீகால்’ பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக மிக்சி, கட்டில், பட்டுச்சேலை என்று வருகிற கடிதங்கள் இந்தத் தடவை முழுக்கக் கார் கடிதங்களாக வந்து குவிந்துவிட்டன. பக்கம் பக்கமாக எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். கத்தரி போட்டிருக்கிறேன்.

கே: அண்ணாச்சி, கம்பெனியில் இருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. என் வண்டியில் ஏதோ மின் பாகத்தைப் பரிசோதிக்க வேண்டுமாம், இலவசமாம். வண்டி கிண்ணென்று ஓடுகிறது. போகத்தான் வேண்டுமா?
— வள்ளியூர் வாசகர்

ப: போகத்தான் வேண்டும். நல்லா ஓடுகிற வண்டிக்குத்தான் ரீகால். நின்றுபோன வண்டிக்கு வேறு பெயர், அதை இழுத்துக்கொண்டு வர வேறு பில்.

2021 செப்டம்பரில் மாருதி சுசுகி 1,81,754 பெட்ரோல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது ஞாபகம் இருக்கிறதா? சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை. மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டில் குறை இருக்கலாம் என்று சந்தேகம். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது, இன்ஜினைக் கிளப்புவது என்று இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கிற சாமான் அது. பாகத்தை மாற்றித் தரும்வரை தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள், மின் பாகங்கள் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள் என்றும் அப்போது சொன்னார்கள். பாகம் மாற்றுவது நவம்பரில்தான் தொடங்கும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. நவம்பர் நமக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாட்டர் சர்வீஸில் பானெட்டைத் திறந்து, உள்ளேயும் பம்பு போட்டு அடித்தால்தான் நம் ஆட்களுக்குத் திருப்தி.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் தண்ணீர் நின்ற நிற்பை எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி ஒரு ராத்திரியில், ‘கிண்ணென்று ஓடுது’ என்று தள்ளிப்போட்டதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் உள்ள லிங்க்கைத் தட்ட வேண்டாம். கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பரைப் போட்டு உறுதி செய்துவிட்டு, சர்வீஸ் சென்டருக்கு நீங்களே போன் போடுங்கள்.

கே: வெப்சைட்டில் சேஸிஸ் நம்பரை எத்தனை தடவை போட்டாலும் தவறு என்கிறது.
— பேட்டை வாசகர்

ப: பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ அடிக்கிறீர்கள். அந்த 17 இலக்கத்தில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது.

கே: கம்பெனி வண்டியைத் ‘திரும்பப் பெறுகிறது’ என்று பேப்பரில் படித்தேன். கொடுத்தால் முழுப் பணமும் வருமா? புது மாடல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.
— சேரன்மகாதேவி வாசகர்

ப: வராது. புது மாடலைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

உங்களைச் சொல்லியும் குற்றமில்லை, அந்தத் தமிழ்ச் சொல் அப்படி. அரசே உத்தரவு போட்டு வண்டியைத் திரும்ப அழைக்கச் சொன்னால், பணத்தைத் தருவது, வேறு வண்டி தருவது, ரிப்பேர் செய்து தருவது எல்லாவற்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவில் இடமிருக்கிறது. ஆனால் நீங்கள் பேப்பரில் படிப்பது அநேகமாகக் கம்பெனி தானாக அறிவித்ததாக இருக்கும். அதில் கழற்றுவது பாகத்தை மட்டும்தான். வண்டி சாயங்காலம் உங்கள் வீட்டுக்கே வந்துவிடும்.

கே: வயலை ஒட்டி வீடு. எலி இன்ஜின் ஒயரைக் கடித்துவிட்டது. இதை ரீகாலில் சேர்ப்பார்களா?
— முக்கூடல் வாசகர்

ப: எலியை யார் தயாரித்தது என்று தெரிந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

கே: அண்ணாச்சி, இரண்டு வருஷத்துக்கு முன் ஆட்டோ கன்சல்டிங் மூலம் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினேன். தூத்துக்குடி வண்டி, டிஎன் 69. இதே மாடலுக்கு இக்னிஷன் சுவிட்ச் ரீகால் எப்போதோ வந்ததாக இப்போதுதான் மச்சினன் சொல்கிறான். எனக்கு ஒரு தகவலும் வரவில்லை. ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி வண்டியிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். தகவல் சொல்லாத கம்பெனி மேல் கேஸ் போடலாமா?
— அம்பாசமுத்திரம் வாசகர்

ப: யார் மேல் கேஸ்? உங்களை யாரென்றே கம்பெனிக்குத் தெரியாதே.

அவர்களிடம் இருப்பது ஒரு சேஸிஸ் நம்பர், அதற்கு நேரே ஒரு பெயர், ஒரு விலாசம், ஒரு போன் நம்பர். கவர் அந்த விலாசத்துக்குப் போயிருக்கும். வண்டி இப்போது அம்பாசமுத்திரத்தில் நிற்கிறது என்று தபால்காரர் குறி கேட்டா வர முடியும்?

மாதம் பத்துக் கடிதமாவது இந்த ஃபாரத்தைப் பற்றி வருகிறது. எல்லோரும் அதை ஏதோ தங்கப் பத்திரம் மாதிரி டேஷ்போர்டில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆர்டிஓ ஆபீசில் கொடுக்காதவரை அது கையெழுத்துப் போட்ட காகிதம், அவ்வளவுதான். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ‘அடுத்து விற்கும்போது நேராக அவர் பெயருக்கே மாற்றிக்கலாம், செலவு மிச்சம்’ என்று கன்சல்டிங்கில் யோசனை சொல்லியிருப்பார்கள். சொல்லத்தான் செய்வார்கள். விற்றவர் நிலைமை இன்னும் மோசம். பெயர் மாறாத வண்டி விபத்தில் மாட்டினால், ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் ஓனர், நஷ்டஈட்டுக்கும் அவர்தான் பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. தூத்துக்குடியில் நிம்மதியாகத் தூங்குகிற அந்த மனிதருக்கு நீங்கள் செய்து வைத்திருக்கும் வேலை இது.

இவ்வளவு காரமாக எழுதுகிறேனே என்று வருத்தப்பட வேண்டாம். இதே தப்பை நானும் செய்தவன். பழைய கார் ஒன்று வாங்கி, பெயர் மாற்ற நேரமில்லை என்று பதினாலு மாதம் ஓட்டினேன். ஒருநாள் ஆழ்வார்திருநகரி போய்விட்டு ராத்திரி திரும்பும்போது, கருங்குளம் பக்கத்தில் ஹெட்லைட், டேஷ்போர்டு, இன்ஜின் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், பின் சீட்டில் மாமியார், மடியில் பிரசாதத் தூக்கு. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே அரையடி தள்ளிப் போனது. மறுநாள் மெக்கானிக் இக்னிஷன் சுவிட்சை மாற்றி 3,800 ரூபாய் வாங்கினார். அந்த சுவிட்சுக்கு ரீகால் இருந்தது, கம்பெனியில் சும்மாவே மாற்றித் தந்திருப்பார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. பழைய ஓனரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘ஆமா, ஏதோ ஒரு கவர் வந்துச்சு. விளம்பரம்னு நினைச்சேன்’ என்றார். அவரை என்ன சொல்ல? மாமியார் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, ஆக வேண்டியதைப் பாருங்கள். நாளைக்கே ஆர்சி நகலோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸிஸ் நம்பரில் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனாவது ஓனர் என்பதெல்லாம் பொதுவாகத் தடையாக இருப்பதில்லை. செய்த வேலை வண்டியின் நம்பரில்தான் பதிவாகும். ஜாப் கார்டு நகலை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ‘எல்லாம் பார்த்தாச்சு சார்’ என்று வாயால் சொல்வது கணக்கில் சேராது. அங்கிருந்து நேராக ஆர்டிஓ ஆபீஸ். பெயர் மாறியதும் உங்கள் போன் நம்பரை சர்வீஸ் சென்டரிலும் பதிந்துவிடுங்கள்.

கே: ஓடும்போதே வண்டி நின்று நின்று போனது. வாரண்டி முடிந்துவிட்டதால் வெளியே கொடுத்து ஃபியூயல் பம்ப் மாற்றினேன். 14,200 ரூபாய், ஜிஎஸ்டி பில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அதே பம்புக்கு ரீகால் அறிவித்திருக்கிறார்கள். நான் கொடுத்த பணம் போனது போனதுதானா?
— திசையன்விளை ஆசிரியை

ப: இல்லை, டீச்சர். நீங்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருக்கிறீர்கள், பில் உட்பட. இந்தப் பணம் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும் என்பதே என் கட்சி.

டீலரிடம் நின்று பேசிப் பிரயோஜனமில்லை. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு இமெயில் எழுதுங்கள். சேஸிஸ் நம்பர், வண்டி நின்ற தேதிகள், பில் நகல், ரீகால் அறிவிப்பு எல்லாவற்றையும் வைத்து, ‘இந்தத் தொகையைத் திருப்பித் தரவும்’ என்று ஒரே கோரிக்கை. பழைய பம்ப் மெக்கானிக்கிடம் கிடந்தால் வாங்கி வையுங்கள். வெளியே மாற்றியாயிற்று என்று ரீகால் சோதனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். புதிதாகப் போட்ட பம்பும் குறையுள்ள அதே வகையாக இருந்துவிடலாம்.

பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி ஆபீஸ் இருக்கிற ஊருக்கு ஓட வேண்டியதில்லை. வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் அதை முழுசாகச் செலவழிக்க வேண்டாம். வண்டி நடுரோட்டில் நின்ற மனஉளைச்சலுக்கும் சேர்த்தே கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

கே: ரீகால் வேலைக்கு வண்டியை விட்டால், ‘வெளியே ஒயரை வெட்டி ஹாரன், ஃபாக் லைட் மாட்டியிருக்கிறீர்கள், செய்ய முடியாது’ என்கிறார்கள். நாலு ஹாரன் மாட்டினது ஒரு குற்றமா?
— ஆலங்குளம் வாசகர்

ப: காதுள்ளவர்களுக்கு அது குற்றம்தான். அது கிடக்கட்டும். உங்கள் ஹாரனுக்கும் ரீகால் ஆன பாகத்துக்கும் சம்பந்தம் இல்லையென்றால் அவர்கள் மறுப்பது சரியில்லை. மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் வேலையைச் செய்துவிடுவார்கள்.

அதே சமயம் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் நீல நிறம், 30 ஆம்பியர் பச்சை. நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையைச் செருகியிருந்தால், ஃபியூஸ் உருகுவதற்கு முன் ஒயர் உருகும். எனக்குத் தெரியும். ரோட்டோரக் கடையில் 600 ரூபாய்க்கு வெள்ளை வெளேரென்று ஒரு ஜோடி எல்இடி பல்ப் வாங்கி மாட்டினேன். நாலே மாதத்தில் ஹோல்டர் அப்பளமாகிவிட்டது. கடையைத் தேடிப் போனால் அங்கே இளநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கே: ‘உங்கள் காருக்கு ரீகால், பாகத்துக்கு முன்பதிவுக் கட்டணம் 4,999’ என்று போன் வந்தது. வண்டி நம்பர், மாடல் எல்லாம் சரியாகச் சொன்னதால் நம்பிக் கட்டிவிட்டேன். இப்போது அந்த எண் எடுக்கவே மாட்டேன் என்கிறது. பென்ஷன் பணம். பிள்ளைகளிடம் சொல்லவில்லை.
— பாளையங்கோட்டை வாசகர், வயது 71

ப: ஐயா, முதலில் 1930-க்குப் போன் போடுங்கள். சைபர் மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் உங்கள் பேங்குக்கு. பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். வண்டி நம்பரும் மாடலும் சரியாகச் சொன்னால் யாருமே நம்பத்தான் செய்வார்கள். வெட்கப்பட வேண்டியவன் போனை எடுக்காமல் இருக்கிறான்.

மற்றவர்களுக்கு: பணம் கேட்டால் அது ரீகால் இல்லை. பாகமும் இலவசம், கூலியும் இலவசம்.

கே: விக்கிரமசிங்கபுரத்தில் இருந்து திருநெல்வேலிக்கு மூன்று தடவை வெள்ளனே கிளம்பிப் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் ‘பார்ட் வரலை, அடுத்த வாரம் வாங்க’. பெட்ரோல் காசை யார் தருவது?
— விக்கிரமசிங்கபுரம் வாசகர்

ப: முதல் தடவைக்கு அவர்கள் பொறுப்பு. மூன்றாவது தடவைக்குப் பாதி உங்கள் பொறுப்பு. ‘என் சேஸிஸ் நம்பருக்கான பார்ட் கையில் இருக்கிறது, இன்ன தேதிக்கு வாங்க’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் இனிக் கிளம்பாதீர்கள். எழுதிக் கொடுத்த பிறகும் திருப்பி அனுப்பினால், அந்த மெசேஜையும் பெட்ரோல் பில்லையும் வைத்துக் கம்பெனிக்குப் புகார். வண்டியில் அபாயமான குறை என்று நினைத்தால் அரசின் வாகன் தளத்தில் ரீகாலுக்கென்றே தனிப் புகார்ப் பகுதி இருக்கிறது. தயாரித்து ஏழு வருடம் ஆகாத வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அரசின் ரீகால் விதி நடப்பில் இருக்கிறது. கம்பெனி தானாக முன்வராமல் அரசு உத்தரவு போடும்படி ஆனால் அபராதம் 10 லட்சத்தில் தொடங்கி ஒரு கோடி வரை போகும்.

கே: ரீகால் வேலை இலவசம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் ‘வாட்டர் வாஷ்’ என்று 650 ரூபாய் பில் போட்டுவிட்டார்கள். கொடுக்க வேண்டுமா?
— நாங்குநேரி வாசகர்

ப: நீங்கள் கேட்காமல் அவர்களாகக் கழுவியிருந்தால் கொடுக்க வேண்டாம். நீங்களே கேட்டுக் கழுவியிருந்தால் 650-ஐக் கட்டிவிட்டு, வள்ளியூர்க்காரருக்கு எழுதிய பதிலை ஒருமுறை படித்துவிடுங்கள்.