டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் அனுபவப் புள்ளி என்றால் என்ன?

இந்த விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைக் கதாபாத்திரமாகச் சாகசத்தில் இறங்குவார்கள். அதில் சாதித்ததற்காக, ஆட்டத்தை நடத்துபவர் அந்தக் கதாபாத்திரத்துக்குத் தரும் மதிப்பெண்தான் அனுபவப் புள்ளி. போதுமான அளவு சேர்ந்ததும் அடுத்த நிலைக்கு ஏறலாம். உடல் வலு கூடும், புதிய திறன்கள் கைவரும்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டாம் நிலைக்கு 300 புள்ளிகள் போதும். இருபதாம் நிலைக்கு 3,55,000 வேண்டும். ஏன் இத்தனை ஏற்றம்? தோசை வார்க்கப் பழகும்போது முதல் பத்துத் தோசைகள் கற்றுத்தருவதை அடுத்த நூறு தருவதில்லை. காப்ளின் என்னும் குட்டி அரக்கன் ஒன்றை வீழ்த்தினால் 50 புள்ளிகள்தான், அதையும் குழுவினர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எனவே தேறிய வீரன் டிராகனைத் தேடிப் போயே ஆக வேண்டும். ஆட்டத்தைச் சலிக்கவிடாத அருமையான ஏற்பாடு இது.

கொன்றால்தான் புள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1974இல் வெளியான முதல் பதிப்பிலேயே, மீட்டுவந்த பொற்காசுக்கும் புள்ளி உண்டு.