மூன்று வாக்கியமும் லிச்சிப் பழமும்

கே: சீனத் தூதர்கள் என்றாலே இப்போது டி.வி.யில் சத்தமாகப் பேசுகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அந்த நாட்டு ராஜதந்திரிகளில் உங்கள் மனதில் நிற்பவர் யார் சார்?
- வாசகி ஒருவர், கும்பகோணம்

ப: சியென் சிச்சென். 1988 முதல் 1998 வரை சீன வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ஐம்பதுகளில் மாஸ்கோவில் படித்து, அங்கேயே தூதரகத்தில் வேலை பார்த்தவர். ரஷ்ய மொழி நன்றாகத் தெரியும்.

1982 மார்ச்சில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் தாஷ்கண்டில் பேசும்போது சீனாவைத் திட்டினார். கூடவே, உறவைச் சரிசெய்துகொள்ளலாம் என்றும் ஜாடை காட்டினார். இரண்டே நாளில், 26ஆம் தேதி, பெய்ஜிங்கில் வெளியுறவு அமைச்சகத்தின் வாசல் கூடத்தில் நிருபர்களைக் கூப்பிட்டார்கள். உட்கார நாற்காலி கிடையாது. எழுபது எண்பது பேர் சுற்றி நிற்க, அமைச்சகத்தின் முதல் செய்தித் தொடர்பாளராக சியென் வாசித்தது மூன்றே வாக்கியம். பேச்சைக் கவனித்தோம், சீனாவைத் தாக்கியதை ஏற்கமாட்டோம், சோவியத்தின் செயலைத்தான் பார்ப்போம். கேள்வி கேட்க இடமே இல்லை. பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த லீ ஜாவோசிங், பின்னாளில் தானும் வெளியுறவு அமைச்சரானார். இருபது வருஷத்துக்கும் மேலாக முறுக்கிக்கொண்டிருந்த இரண்டு நாடுகள் அந்த வருஷ அக்டோபரில் பேச உட்கார்ந்தன. 1989 மே மாதம் சோவியத் தலைவர் கோர்பசேவ் பெய்ஜிங்குக்கே வந்தார். எனக்கு இது பிரமிப்புதான்.

அதைவிட நான் மதிப்பது 1992 ஜூலை 15. தென்கொரியாவோடு சீனா உறவு வைத்துக்கொள்ளப்போகிறது. தென்கொரியாவின் பகையாளியும் சீனாவின் கூட்டாளியுமான வடகொரியாவுக்கு இதைவிடக் கசப்பான சேதி வேறென்ன? கடிதம் அனுப்பியிருக்கலாம். தூதரை விட்டுச் சொல்லியிருக்கலாம். அமைச்சரே வடகொரியத் தலைநகர் பியாங்யாங் போய், அந்நாட்டுத் தலைவர் கிம் இல் சுங் முகத்துக்கு நேரே சொன்னார். கெட்ட சேதியை ஆள்விட்டுச் சொல்வது மரியாதை இல்லை என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான்.

கிம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சீனாவின் முடிவு சீனாவுடையது, எங்கள் கஷ்டத்தை நாங்களே சமாளித்துக்கொள்வோம் என்ற பொருளில் பதில் சொன்னார். சியென் கொண்டுபோன ஜேட் கல் சிற்பத்தையும் புதுசாகப் பறித்த லிச்சிப் பழங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து வழியனுப்பினார். வழக்கமான விருந்து அன்றைக்கு இல்லை. சியென் அன்றே ஊர் திரும்பினார். ஆகஸ்ட் 24ஆம் தேதி தென்கொரியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது.