இறம்பொடையில் பிறந்த அட்மிரல்

கே: 'ஓ.எம்.ஜி.' என்று பிள்ளைகள் செல்போனில் தட்டுகிறார்களே, அதை முதலில் எழுதியவர் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பிரிட்டிஷ் அட்மிரல், அதுவும் இலங்கையில் பிறந்தவர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வழக்கம்போலக் கட்டுக்கதைதானே?
— ஒரு வாசகி, மதுரை

ப: வாட்ஸ்அப்பில் வந்தது என்றாலே நானும் பாதிதான் நம்புவேன். ஆனால் இது உண்மை. ஆள் பெயர் ஜான் ஃபிஷர், எல்லோருக்கும் ஜாக்கி ஃபிஷர். 1917 செப்டம்பர் 9 அன்று வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில், புதிதாக ஒரு நைட் பட்டம் வரப்போகிறதாமே, அது ஓ.எம்.ஜி.யாம், அதாவது 'ஓ! மை காட்!', அதைக் கடற்படைத் தலைமையகத்தார் மேல் மழையாகப் பொழியுங்கள் என்று நக்கலடித்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தச் சுருக்கத்துக்கு முதல் சான்றாக இந்தக் கடிதத்தைத்தான் காட்டுகிறது. எழுதியபோது அவருக்கு வயது 76.

மனிதர் எல்லாக் கடிதங்களையும் இப்படித்தான் எழுதினார். வார்த்தைக்கு வார்த்தை அடிக்கோடு, வரிக்கு வரி ஆச்சரியக்குறி, முடிவில் 'நரகம் உறைந்துபோகும்வரை உங்களுடைய', 'அடுப்புக்கரி முளைவிடும்வரை உங்களுடைய' என்று கையெழுத்து. இன்றைக்கு இருந்திருந்தால் குடும்ப குரூப்பில் எல்லோரும் அவரை மியூட் செய்து வைத்திருப்பார்கள்.

கே: ஃபிஷரின் தாய் ஒரு சிங்கள இளவரசி என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் மலைநாட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், ஹட்டன்

ப: பிறந்த ஊரை வைத்துச் சொல்லிக்கொள்ளலாம், இளவரசியை விட்டுவிடுங்கள். 1841 ஜனவரி 25, நுவரெலியாவுக்குப் போகிற வழியில் இருக்கிற இறம்பொடை, அங்கே ஒரு தோட்டத்தில் பிறந்தார். அப்பா வில்லியம் ஃபிஷர் ராணுவ கேப்டன், கவர்னருக்கு உதவியாளராக இருந்தவர், வேலையை விட்டுக் கோப்பி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார், அப்புறம் இலங்கைப் போலீஸில் சேர்ந்தார். அம்மா சோஃபி லண்டன்காரி. தேயிலை வருவதற்கு வெகுகாலம் முன்பு, நம் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தே மலைக்குப் போய், பல பேர் வழியிலேயே காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. தோட்டத் துரைமாரிலும் திவாலானவர்கள் நிறைய. ஆனால் துரை திவாலானால் போலீஸ் வேலை கிடைத்தது.

இளவரசிக் கதை எங்கிருந்து வந்தது என்றால், முகத்திலிருந்து. 1882இல் எகிப்தில் வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் வந்து பிழைத்தவருக்கு முகம் மஞ்சள் பூத்துப்போனது. கன்ன எலும்பும் கண்ணும் சேர்ந்து ஒரு கிழக்கத்திய சாயலைக் கொடுத்தன. பிறந்தது இலங்கை என்பதும் தெரிந்ததும் எதிரிகள் விடுவார்களா? 'மலாய்க்காரன்' என்றார்கள், ஆசிய ரத்தத்தின் தந்திரம் என்றார்கள். இன்றைக்கு நாம் பெருமையாகக் கேட்கிற இந்தக் கதை அன்று வசவாகக் கிளம்பியது.

ஆறு வயதில் லண்டனில் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாத்தாவும் நொடித்துப்போய் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். பையன் அதற்குப் பிறகு அப்பாவைப் பார்க்கவே இல்லை.

கே: பணமும் சிபாரிசும் இல்லாத பையன் அந்தக் காலத்துக் கடற்படையில் எப்படி உச்சிக்குப் போனான்?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: சிபாரிசு இருந்தது, ஒன்றே ஒன்று. பிரிட்டனின் கடற்படை நாயகன் நெல்சனோடு பணிபுரிந்த தலைமுறையைச் சேர்ந்த ஒரு கிழ அட்மிரல் கொடுத்தது. 1854இல், 13 வயதில், போர்ட்ஸ்மவுத்தில் நெல்சனின் பழைய கப்பலான விக்டரியில் போய்ச் சேர்ந்தான். நுழைவுத் தேர்வு என்ன தெரியுமா? அவரே பின்னால் சொன்னபடி, கிறிஸ்தவ ஜெபம் ஒன்றை எழுதிக் காட்டினான், டாக்டர் முன்னால் அம்மணமாக ஒரு நாற்காலியைத் தாண்டிக் குதித்தான், ஒரு கிளாஸ் ஷெர்ரி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நீட் எழுதுகிற பிள்ளைகள் வயிறெரியக் கூடாது. ஏனென்றால் கப்பலில் ஏறிய அன்றே எட்டு பேருக்குச் சாட்டையடி விழுந்ததைப் பார்த்து அந்தப் பையன் மயங்கி விழுந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு ஐம்பது வருட உழைப்பு. சீனப் போர், பீரங்கிப் பயிற்சி, டார்பிடோப் பள்ளி (டார்பிடோ என்றால் தண்ணீருக்கடியில் பாய்ந்துபோய்க் கப்பலைத் தாக்கும் குண்டு). 1882இல் இன்ஃப்ளெக்சிபிள் கப்பலின் கேப்டனாக அலெக்சாண்ட்ரியாவைச் சுட்டபின், கரையில் இறங்கி ஒரு ரயிலுக்கே இரும்புத் தகடு அடித்துப் பீரங்கி ஏற்றி ஓட்டினார். நோயில் விழுந்ததும், இன்னொரு இன்ஃப்ளெக்சிபிளைக் கட்டிக்கொள்ளலாம், இன்னொரு ஃபிஷருக்கு எங்கே போவது என்று கடற்படை அமைச்சர் ஊருக்குத் திரும்பச் சொன்னாராம். 1890களில் டார்பிடோப் படகுகளை வேட்டையாட ஒரு புது வகைக் கப்பல் கட்டவைத்து அதற்கு 'டெஸ்ட்ராயர்' என்று பெயரும் வைத்தார். இன்று விசாகப்பட்டினத்தில் நிற்கிறவற்றையும் நாம் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறோம்.

எனக்கு அவரிடம் பிடித்தது ஒன்று உண்டு. இன்ஜின் அறையில் வேலை செய்கிறவன் கீழ்ச்சாதி, மேல்தளத்தில் நிற்கிறவன் உயர்சாதி என்றிருந்த கடற்படையில், இரண்டு பேரும் ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்கட்டும் என்று 1902இல் திட்டம் கொண்டுவந்தார். பிரபு வீட்டு அதிகாரிகளுக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் என்பது என் கணக்கு.

கே: டிரெட்நாட் கப்பலைக் கட்டித் தன் நாட்டுக் கப்பல்களையே பழசாக்கிய ஆள் இவர்தானே? இதில் என்ன புத்திசாலித்தனம் இருக்கிறது?
— ஓய்வுபெற்ற கப்பல்துறை ஊழியர், தூத்துக்குடி

ப: அண்ணாச்சி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதே கேள்வியை அன்றே பார்லிமென்ட் வரைக்கும் கேட்டார்கள்.

1904 அக்டோபரில் ஃபிஷர் 'ஃபர்ஸ்ட் சீ லார்ட்' ஆனார். சீருடைக்காரர்களில் முதலாமிடம், மேலே அமைச்சர் மட்டும்தான். வந்ததும் செய்த முதல் காரியம் பழைய சாமான்களைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டது. 90 கப்பல்களை விற்றார், இன்னும் 64ஐ ஓரங்கட்டினார். சண்டை போடவும் தெம்பில்லை, தப்பி ஓடவும் வேகமில்லை, கஞ்சன் சேர்த்துவைத்த குப்பை என்றார் அவற்றை. உலகம் முழுக்க சிதறிக் கொடி காட்டிக்கொண்டிருந்த மாலுமிகளை ஊருக்கு இழுத்து, ஜெர்மனிக்கு எதிரே நிறுத்தினார்.

அப்புறம் டிரெட்நாட். 1905 அக்டோபர் 2 அன்று போர்ட்ஸ்மவுத்தில் வேலை தொடங்கி, 1906 பிப்ரவரி 10 அன்று ராஜா எட்வர்ட் தண்ணீரில் இறக்கிவைத்து, அக்டோபர் 3 அன்று கடலில் வெள்ளோட்டம், கணக்குப் போட்டால் ஒரு வருஷமும் ஒரு நாளும். மாயமந்திரம் இல்லை. வேறு இரண்டு கப்பல்களுக்காகச் செய்துகொண்டிருந்த பீரங்கிக் கூண்டுகளைப் பிடுங்கி இதில் பொருத்தினார், அவ்வளவுதான். பழைய போர்க்கப்பலில் 12 அங்குலப் பீரங்கி நான்கு இருக்கும், மிச்சமெல்லாம் பல அளவில் கலந்துகட்டி. இதில் 12 அங்குலம் பத்து. ஏன் என்றால், டார்பிடோ வந்தபிறகு பக்கத்தில் போய்ச் சண்டை போட முடியாது, தூரத்திலிருந்துதான் சுட வேண்டும். தூரத்தில் குண்டு விழுந்து தண்ணீர் எழும்புவதைப் பார்த்துத்தான் குறியைத் திருத்த வேண்டும். பல அளவுக் குண்டுகள் ஒன்றாக விழுந்தால் எந்தத் தண்ணீர் எந்தப் பீரங்கியுடையது என்று யாருக்குத் தெரியும்? கூடவே நீராவி டர்பைன் வைத்து, 18 நாட் (கப்பல் வேகத்தின் அளவு) சுமாராகப் போய்க்கொண்டிருந்த போர்க்கப்பலை 21 நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஒரே நாளில் பிரிட்டனிடம் இருந்த அத்தனை பெரிய கப்பல்களும் இரண்டாந்தரம் ஆகிவிட்டன என்பது உண்மை. ஜெர்மனிக்கு ஓட்டப்பந்தயத்தில் கோட்டிலிருந்து புதிதாகத் தொடங்க ஒரு வாய்ப்பு. ஆனால் அமெரிக்காவில் எல்லாமே பெரிய பீரங்கி என்கிற கப்பலுக்கு ஏற்கெனவே அனுமதி ஆகியிருந்தது, ஜப்பானிலும் வேலை தொடங்கியிருந்தது. யாரோ கட்டத்தான் போகிறார்கள், அது நாமாக இருக்கட்டும் என்று நினைத்ததில் நான் தப்பு காணவில்லை. ஜெர்மனிக்கு இன்னொரு தலைவலியும் வந்தது. பால்டிக் கடலையும் வடகடலையும் இணைக்கிற அவர்களுடைய கீல் கால்வாயில் இந்த அளவுக் கப்பல் நுழையாது. கால்வாயை அகலப்படுத்தி முடிக்க 1914 ஜூன் ஆகிவிட்டது. அது முடிந்ததும் போர் வரும் என்று ஃபிஷர் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

செலவு? 1909இல் கடற்படை ஆறு டிரெட்நாட் கேட்டது, சிக்கனக்காரர்கள் நான்கு தருகிறோம் என்றார்கள், கடைசியில் எட்டுக்குச் சமரசம் ஆனோம் என்று சர்ச்சில் எழுதினார். நம் ஊர் டெண்டர் கணக்கு தோற்றுவிடும்.

நான் குறை சொல்வது டிரெட்நாட்டை இல்லை, அவருடைய செல்லப்பிள்ளையான பேட்டில்குரூசரை. பெரிய பீரங்கி, 25 நாட் வேகம், ஆனால் மெல்லிய கவசம். வேகமே கவசம் என்று அடித்துப் பேசினார். 1916 மே 31 அன்று ஜட்லாண்ட் சண்டையில் இந்த வகையில் மூன்று வெடித்துச் சிதறின. முதலாவதாகக் கட்டிய இன்வின்சிபிளில் 1026 பேர் செத்தார்கள், ஆறு பேர் பிழைத்தார்கள். சுடும் வேகத்துக்காக வெடிமருந்துக் கதவுகளைத் திறந்துவைத்துச் சண்டை போட்டது பெரிய காரணம், அதை ஃபிஷர் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் சம எதிரிகளின் எதிரே வரிசையில் நிறுத்துகிற கப்பல் இல்லை அது.

கே: மெட்ராஸில் குண்டு போட்ட எம்டனுக்கும் ஃபிஷருக்கும் சம்பந்தம் உண்டா?
— ஒரு வாசகர், ராயபுரம்

ப: சுற்றிவளைத்து உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தி, கெட்டிக்காரனுக்கெல்லாம் 'எம்டன்' என்று நமக்கு ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் போன கப்பல், ஜெர்மன் அட்மிரல் ஸ்பீயின் படையிலிருந்து பிரிந்து வந்தது. ஸ்பீ தன் மற்ற கப்பல்களோடு நவம்பர் 1 அன்று சிலி கடலோரம் இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தார், சுமார் 1600 பேரோடு. அதற்கு இரண்டு நாள் முன்புதான், ஓய்விலிருந்த ஃபிஷரை, 73 வயதில், அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்.

ஃபிஷர் இரண்டு பேட்டில்குரூசர்களை அனுப்பச் சொன்னார். கப்பலின் கொதிகலனில் செங்கல் வேலை பாக்கி, 13ஆம் தேதிக்கு முன் முடியாது என்றார்கள் துறைமுகத்தில். 11ஆம் தேதி கிளம்ப வேண்டும், முடியவில்லை என்றால் கொத்தனாரையும் கப்பலிலேயே ஏற்றி அனுப்பு என்று பதில். டிசம்பர் 8 அன்று ஃபாக்லாண்ட் தீவருகே ஸ்பீ செத்தார், அவருடைய நான்கு கப்பல்கள் மூழ்கின. மேலே நான் குறை சொன்ன அதே மெல்லிய கவசக் கப்பல்கள்தான். ஓடுகிறவனைத் துரத்துவதற்காகக் கட்டியதை அன்று அதற்கே பயன்படுத்தினார்கள்.

கே: பிறகு ஏன் சர்ச்சிலோடு சண்டை?
— ஒரு வாசகி, கோவை

ப: இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேசித்தார்கள், அதுதான் வம்பு. கிழவர் விடியற்காலை நாலைந்து மணிக்கே மேஜைக்கு வந்துவிடுவார், சர்ச்சில் நடுநிசி தாண்டியும் உத்தரவு எழுதுவார். ஃபிஷர் பச்சைப் பென்சில், சர்ச்சில் சிவப்பு மை. கப்பலின் இரண்டு பக்கமும் எரிகிற பச்சை, சிவப்பு விளக்கு என்று அவர்களே சிரித்துக்கொண்டார்கள்.

துருக்கியின் தார்டனெல்ஸ் ஜலசந்தியைக் கப்பல்களை வைத்தே உடைத்துப் போகலாம் என்ற சர்ச்சிலின் திட்டம் ஃபிஷருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து உடைத்துச் சொல்லவும் இல்லை. பிறர் முகத்துக்கு நேரே முஷ்டியை ஆட்டிப் பேசுகிறவர், ராஜாவே 'கொஞ்சம் அதை நிறுத்துகிறீர்களா' என்று கேட்ட ஆள், அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டார். கப்பல்கள் கண்ணிவெடியில் போனபிறகு, 1915 மே 15 காலை ராஜினாமா எழுதிவைத்துவிட்டுக் காணாமல் போனார். சாரிங் கிராஸ் ஹோட்டலில் கண்டுபிடித்து, ராஜாவின் பெயரால் வேலைக்குத் திரும்பு என்று பிரதமர் ஆஸ்க்வித் எழுதினார். பதிலுக்கு இவர் போட்ட நிபந்தனைகள்: சர்ச்சில் அமைச்சரவையில் இருக்கக் கூடாது, கடற்போர் முழுக்க என் கையில். பிரதமர் மூளை குழம்பிவிட்டது என்று முடிவுகட்டினார். ஃபிஷர் போனார், சர்ச்சில் பதவியும் போனது. போர் நடுவே ஒரு தளபதி நாற்காலியை விட்டுவிட்டு ஹோட்டலில் ஒளிந்துகொள்வதை, அவர்மேல் எனக்குள்ள பிரியத்தையும் மீறி, என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்படியும் இரண்டே வருடத்தில் அந்த ஓ.எம்.ஜி. கடிதம் அதே சர்ச்சிலுக்குப் போயிருக்கிறது பாருங்கள்.

கே: கடைசிக் காலம்?
— அதே ஹட்டன் வாசகர்

ப: 1920 ஜூலை 10 அன்று இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரசு மரியாதை, தகனம், அஸ்தியைக் கில்வர்ஸ்டன் என்ற கிராமத்தில் மனைவியின் கல்லறையில் வைத்தார்கள். பக்கத்தில் காவலுக்கு ஒரு கப்பலின் முகப்புச் சிற்பம், மயங்கி விழுந்த அந்தப் பையன் வேலை பார்த்த முதல் கடற்கப்பலான 'கல்கத்தா'வுடையது. அந்தக் கப்பலைக் கட்டியது 1831இல், பம்பாயில், தேக்கில்.