வளையல் இருக்கட்டும், முதலில் அந்தச் செருப்பைக் கவனியுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார். ஒன்றரை மாதமாக இடுப்பு வலி; இடது கால் முழுக்க இழுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 (இடுப்புப் பகுதியின் 4, 5ஆம் முதுகெலும்புகளுக்கு நடுவே) ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் இல்லாமல் மெஷினில் முதுகெலும்பை இழுத்துச் சரிசெய்ய 20 சிட்டிங்குக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று எல்லோரும் சொல்வதால் பயமாக இருக்கிறது. குனிந்தால் சொடுக்குச் சத்தம் வேறு கேட்கிறது. பத்து நாளாக இடது கால் செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு வருகிறார், கேட்டால் தெரியவில்லை என்கிறார். வளையலை அடகு வைத்துப் பணம் கட்டட்டுமா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கட்டாதீர்கள் அம்மா. நாளைக் காலையிலேயே அவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

செருப்பை அவர் மறந்து விட்டுவிட்டு வரவில்லை. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குகிற நரம்பு, எல்4-எல்5 ஜவ்வை ஒட்டித்தான் இறங்குகிறது. அது நசுங்கினால் செருப்பைக் கவ்விப் பிடிக்க விரலுக்குப் பலம் இருக்காது, கழன்று விழுவதும் தெரியாது. இன்று இரவே பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு உட்கார வைத்து, இரண்டு கால் கட்டை விரலையும் அவர் மேலே தூக்க, நீங்கள் கையால் கீழே அழுத்துங்கள். இடது விரல் சுலபமாக மடங்கிவிட்டால் அந்த நரம்பு பலவீனப்படுகிறது என்று பொருள். மடங்காவிட்டாலும் போய்க் காட்டத்தான் வேண்டும். பத்து நாள் ஏற்கெனவே போய்விட்டது. சிட்டிங் முடியட்டும் என்று இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் போன பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஆளைக் கட்டிலில் கட்டுவதற்கு முன் அந்த சென்டரில் ஒருவராவது அவர் காலைத் தொட்டுப் பார்த்தார்களா?

இன்னொன்று. நரம்பு செயலிழக்கும்போது சில சமயம் கால் வலி தானாகக் குறையும். அதைப் பார்த்து மெஷின் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவீர்கள். அதுதான் எனக்குக் கவலை.

அந்த மெஷின் புதிதும் அல்ல. அந்தக் காலத்தில் கட்டிலில் எடை கட்டித் தொங்கவிட்ட அதே டிராக்‌ஷன்தான். இப்போது இடுப்புக்கும் மார்புக்கும் பெல்ட் போட்டு, கம்ப்யூட்டர் சொன்னபடி இழுத்து இழுத்து விடுகிறது. படுத்திருக்கும் நேரம் சிலருக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2013இல் 32 ஆய்வுகளை, 2,700க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, டிராக்‌ஷனால் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது. எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, இடுப்பு வலிக்கு இதைத் தர வேண்டாம் என்று 2016இல் வழிகாட்டியது. பிதுங்கிய ஜவ்வால் வரும் வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தானே அடங்கும். 20 சிட்டிங்கும் அதே காலத்தில்தான் முடிகிறது, பெயர் மெஷினுக்குப் போகிறது. காலில் பலம் குறைந்துகொண்டே போகும் ஒருவரை மெஷினில் இழுக்கவே கூடாது.

தேய்மானம், பிதுக்கம் என்ற வார்த்தைகளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த வலியும் இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தால் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருக்கும். சொடுக்குச் சத்தம் ஒன்றும் செய்யாது.

இப்போது உங்கள் பயம். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முதுகெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. எல்4-எல்5க்கு வரும்போது அங்கே தண்டுவடம் கிடையாது. குதிரைவால் போலப் பிரிந்த நரம்புகள்தான். ஆபத்தே இல்லாத ஆபரேஷன் என்று எதுவும் கிடையாது. ஆனால் இந்த இடத்தில் ஜவ்வை எடுத்ததால் இரண்டு காலும் விழுந்துவிடும் என்ற பேச்சு தேவையில்லாத பீதி. நசுங்கும் நரம்பை அப்படியே விட்டு வைத்துப் பாதம் தொங்கிப்போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் கட்டாயம் தேவை என்றும் நான் சொல்லவில்லை. எலும்பு அல்லது நரம்பு அறுவை மருத்துவர் காலைச் சோதித்து, ஸ்கேனோடு ஒப்பிட்டு முடிவு சொல்லட்டும். எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அதுவரை வண்டி எடுக்க வேண்டாம். கிளட்ச் மிதிக்கிற கால் அது. மெடிக்கலில் தானாகக் கேட்டு டைக்ளோஃபினாக் வலி மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் அது இன்றோடு நிற்கட்டும். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பலவீனமான நரம்புக்கு எதுவும் செய்யாது. யூடியூப் பார்த்துக் கம்பியில் தொங்குவதும் வேண்டாம்.

சிறுநீர் வராமல் முட்டினாலோ, தெரியாமல் கசிந்தாலோ, உட்காரும் இடமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ காலை வரைகூடக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். கூச்சப்பட்டு இதை உங்களிடம் சொல்லாமல் இருப்பார், நீங்களே கேளுங்கள்.

பின்பக்கம் வார் உள்ள செருப்பாக வாங்கிக் கொடுங்கள். படி ஏறும்போது நீங்கள் பின்னால் வாருங்கள்.