டோஹாவா, நிலாவெளியா, வீட்டு முன்னறையா?

அன்புள்ள அக்கா,

தையல் தொழில் செய்யும் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த துணிவில் இதை எழுதுகிறேன். திருகோணமலையில் அழகுக்கலைப் பயிற்சியை முடித்து, என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழும் எடுத்துவிட்டேன். வீட்டு முன்னறையில் பார்லர் போட்டுத் தருவதாக அப்பா சொல்கிறார்; லீசிங்கில் ஒரு லேசர் மெஷினும் எடுக்கலாம் என்கிறார். நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் ஸ்பாவுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆனால் "மசாஜ் வேலைக்குப் போகிறாள் என்று ஊர் கதைக்கும்" என்று அம்மா மறிக்கிறார். கூடப் படித்த தோழி கட்டாரின் டோஹாவுக்கு வரச் சொல்கிறாள். எனக்கு மணப்பெண் அலங்காரத்தைவிடத் தோல் பராமரிப்பில்தான் விருப்பம். அதற்கு இங்கே வழி இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய மூன்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நகரத்தில் கூட்டம் ஓயாத ஒரு சலூனில், உங்கள் கையைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு மூத்த பெண்ணிடம் ஒரு வருடமாவது வேலை செய்யுங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் போங்கள். வகுப்பில் நீங்கள் ஒருவருக்கொருவர் பேஷியல் செய்து பழகியது இளம் தோலில். வெளியே வருபவர்கள் வேறு. நீரிழிவுக்காரருக்குப் பெடிக்கியூர் செய்யும்போது சிறு கீறல் பட்டாலும் அது ஆறாத புண்ணாகலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுக்கும் பெண்ணின் மேலுதட்டில் வாக்ஸ் வைத்தால் மெழுகோடு தோலும் உரிந்து வரலாம். "என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்கும் பழக்கம் பரீட்சைக்குப் படித்து வருவதில்லை, நாளுக்குப் பத்து முகம் பார்த்துத்தான் வரும்.

எங்கள் வீட்டுப் பெண்கள் போகும் சலூனில் ஒருவர் இருக்கிறார். வந்தவரை முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, புறங்கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார். மெழுகில் ஒருமுறை தோய்த்த குச்சியை மறுபடி தோய்க்க மாட்டார். எறிந்துவிட்டுப் புதியதை எடுப்பார். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் உங்கள் என்.வி.கியூ.வைக் காட்டிப் பெருமை பேச வேண்டாம். அனுபவத்தால் கற்றவர்களையும் மதிப்பிட்டு அதே சான்றிதழ் கொடுக்கும் முன்கற்றல் அங்கீகார முறை இருப்பதை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் உங்களுக்குக் கை வேலையைச் சொல்லித் தருவார். நீங்களும் 4உடன் நிற்கத் தேவையில்லை. 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. பிற்காலத்தில் பயிற்றுநராக விரும்பினால் அந்தப் பக்கம் பாருங்கள்.

அதற்குப் பிறகு நிலாவெளி. நம் ஊரின் மாதங்கள் இந்தத் தொழிலுக்கு இசைவாக அமைந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வைகாசி தொடங்கி ஆவணி வரை கடற்கரை ஹோட்டல்களில் சீசன். உப்புவெளியும் நிலாவெளியும் நிறைந்திருக்கும் ஆடியில் நம் சைவ வீடுகளில் கல்யாணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரை வெறிச்சோடிவிடும். மார்கழி கழிந்து தை பிறந்ததும் கல்யாண வீடுகளும் சாமத்தியச் சடங்குகளும் தொடங்கிவிடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு முடிந்ததும் நிக்காஹ் வீடுகள். அங்கே சலூனுக்கு வருவதைவிட வீட்டுக்கே வந்து செய்யும் பெண்ணைத் தேடும் குடும்பங்கள் பல. ஒரே இடத்தை நம்பி இருப்பவருக்கு வருடத்தில் பாதி மாதங்கள் கையைக் கடிக்கும். ஹோட்டல் சீசனையும் கல்யாண வீடுகளையும் சேர்த்துக்கொண்டால் வருடம் முழுவதும் வேலை.

அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நேர்முகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் ஊழியர் பெண்களுக்கு மட்டுந்தானா, இரவு வேலை முடிந்தால் ஹோட்டல் வாகனம் வீட்டு வாசல் வரை வருமா, விருந்தினர் அத்துமீறினால் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறலாமா என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். இது நகரத்துச் சலூனுக்கும் பொருந்தும். ஸ்பாவில் கற்க நிறைய இருக்கிறது. புறாத்தீவில் நாள் முழுக்க நீந்திவிட்டு முதுகு சிவந்து வரும் வெள்ளைக்காரப் பெண் ஸ்கிரப் கேட்பாள். வெயிலில் வெந்த தோலைத் தேய்க்கக் கூடாது. அதை அவள் மனம் நோகாமல் சொல்லப் பழகினால், ஊரில் மணப்பெண்ணின் தாயாருக்கும் இல்லை என்று சொல்ல வரும்.

ஏனென்றால் அந்தத் தாய்மார் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: "கல்யாணத்துக்குள் பிள்ளையை வெள்ளையாக்கித் தாருங்கள்." தங்கச்சி, இந்த இடத்தில் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் உறவுப் பெண் ஒருத்தி லேபல் இல்லாத சின்ன டப்பாவில் வாங்கிய கிரீமைப் பூசினாள். சில கிழமையில் முகம் பளிச்சென்றது, எல்லோரும் விசாரித்தார்கள். பிறகு கன்னத்துத் தோல் மெலிந்து சிவந்து, மெல்லிய இரத்த நாளங்கள் வெளியே தெரிந்தன. அடுப்படியில் நின்றாலே எரியும் என்பாள். கிரீமை நிறுத்தினால் இன்னும் மோசமாகும். ஸ்டீரொயிட் கலந்த கிரீம் செய்யும் வேலை அது. பாதரசம் கலந்தவையும் இருக்கின்றன. அது தோலோடு நிற்காமல் சிறுநீரகத்தைத் தாக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் முழுவதுமாக நிறுத்துவதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. ஆனாலும் டப்பா கடைக்கு வரும், உங்களுக்குக் கமிஷனும் தருவார்கள். வாங்காதீர்கள். கறுத்த பெண்ணின் முகத்தில் எந்தக் குறையும் இல்லை என்று அவளுடைய தாயின் முன்னால் சொல்லக்கூடிய ஒரு அழகுக்கலைப் பெண் நம் ஊருக்குத் தேவை. வெயில் தடுப்புக் கிரீம், நல்ல தூக்கம், கல்யாண மாதத்தில் புதிய பொருள் எதையும் முகத்தில் வைக்காமை: இவ்வளவுதான் நேர்மையாகத் தரக்கூடிய அறிவுரை. தலைமுடிச் சாயத்துக்கும், சீக்கிரம் கறுக்கும் மருதாணிக்கும் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் தொட்டுச் சோதியுங்கள்.

அப்பாவிடம் லேசர் மெஷின் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒளி மெலனின் என்ற கறுப்பு நிறமியைத் தேடிப் போவது. முடியில் இருப்பதா தோலில் இருப்பதா என்று அதற்குத் தெரியாது. நம் நிறத் தோலில் அளவு பிழைத்தால் சுட்டுத் தழும்பாகும். தோல் மருத்துவரின் கண்காணிப்பில் செய்ய வேண்டியதை வீட்டு முன்னறையில், அதுவும் கடன் தவணைக்குப் பயந்து, செய்யக் கூடாது. அவர் காசு செலவழிக்க விரும்பினால் ஒரு உருப்பெருக்கி விளக்கு, கருவிகளைக் கிருமி நீக்கும் பெட்டி, வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் ஒவ்வாமையையும் மருந்தையும் எழுதி வைக்க ஒரு தடித்த கொப்பி வாங்கித் தரட்டும். முன்னறை எங்கும் போய்விடாது. உங்களைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கியதும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து திறக்கலாம்.

டோஹாவை இப்போது வேண்டாம் என்பேன், ஒருபோதும் வேண்டாம் என்று அல்ல. சலூன் வேலை என்று கூட்டிப்போய் வீட்டு வேலையில் விடப்பட்ட பெண்களின் கதை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. போவதானால் விசாவிலும் ஒப்பந்தத்திலும் அழகுக்கலைப் பணி என்றே எழுதியிருக்க வேண்டும். உரிமம் உள்ள முகவர் வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு வேண்டும். சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் தோழியே சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்தால் கையெழுத்திட முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தெரிந்த சட்டத்தரணியிடம் காட்டிச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா