அந்தக் கதவை யாரும் பூட்டவில்லையாம்!

கேள்வி: உண்மைக் கதையை வைத்து எடுத்த படம் என்றாலே எனக்குக் கண் கலங்கிவிடும். போன வாரம் ‘தங்கல்’ மறுபடி பார்த்தேன். இறுதிப் போட்டி நடக்கும்போது அப்பாவை ஓர் அறையில் பூட்டிவிடுவார்களே, தேசிய கீதம் காதில் விழுந்ததும் மகள் ஜெயித்துவிட்டாள் என்று அவருக்குப் புரியுமே, அங்கே தேம்பித் தேம்பி அழுதேன். என் மகன் உடனே கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் கற்பனைம்மா, யாரும் யாரையும் பூட்டல” என்று சிரிக்கிறான். ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. நடக்காத ஒன்றுக்கா நான் அழுதேன்?
– ஒரு வாசகி

பதில்: முதலில் உங்கள் மகனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். அவன் சொன்னது சரி. அந்தப் பூட்டு, கதை எழுதியவர்கள் போட்டது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில், படத்தில் வரும் மகளான மல்யுத்த வீராங்கனை கீதா போகட், படத்தில் வருவதுபோலக் கடைசி நொடியில் தப்பிப் பிழைக்கவும் இல்லை, எளிதாகவே வென்றார்.

ஆனால் நீங்கள் அழுதது அந்தப் பூட்டுக்காகவா? அந்தக் காட்சியை மட்டும் தனியாக வெட்டி யாராவது அனுப்பியிருந்தால், பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள். அதற்கு முன்னால் எத்தனை நடந்துவிட்டது! மகளின் தலைமுடியை ஒட்ட வெட்டவைத்த அப்பா. வெளியே போய்ப் புது உத்தி கற்று வந்து, வயதான அந்த அப்பாவையே மண்ணில் சாய்க்கிற மகள். அப்புறம் தோல்விக்கு மேல் தோல்வி. ஒரு நாள் தொலைபேசியில் அப்பாவிடம் பேச வாய் வராமல் அழுகிறாள். சின்ன வயதில் அவளைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அப்பா வந்து காப்பாற்ற மாட்டேன் என்று சொன்னவர் அவர். இத்தனையையும் நீங்கள் இரண்டரை மணி நேரம் சுமந்து வந்திருக்கிறீர்கள். அதட்டி அதட்டி வளர்த்தவர் பக்கத்தில் இல்லாமல் அவள் ஜெயிக்க வேண்டும். அவரோ பார்க்க முடியாமல் காதால் மட்டும் கேட்க வேண்டும். அதற்குத்தான் பூட்டு.

ஒரு மனிதன் மாறிவிட்டான் என்று வசனத்தில் சொன்னால் நமக்கு உறைக்காது. கண்ணால் பார்க்க வேண்டும். ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993) பார்த்திருக்கிறீர்களா? தொடக்கத்தில் ஜெர்மன் தொழிலதிபர் ஷிண்ட்லர் நன்றாக உடுத்திக்கொண்டு, கோட்டில் நாஜிக் கட்சியின் தங்கச் சின்னத்தைக் குத்திக்கொண்டு கிளம்புவார். மூன்று மணி நேரம் கழித்து, நாஜிகளிடமிருந்து சுமார் 1,100 யூதர்களைக் காப்பாற்றி முடித்த பிறகு, அதே சின்னத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கொடுத்து இன்னும் இரண்டு பேரை மீட்டிருக்கலாமே என்று உடைந்துபோவார். நான் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் தோற்கிறேன்.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். கோபப்பட ஒரு நல்ல இடம் இருக்கிறது. அப்பாவைப் பூட்ட ஒரு வில்லன் வேண்டுமே, அந்த வேலையைப் பயிற்சியாளர் தலையில் கட்டிவிட்டார்கள். படத்தில் பெயர் வேறுதான். ஆனால் நிஜத்தில் அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்த மனிதர் ஒருவர் இருக்கிறார். பார்க்கிறவர்கள் அவரைத்தானே நினைப்பார்கள்? அவர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். போட்டியின் புள்ளிகளை மாற்றியதை என்னால் மன்னிக்க முடிகிறது. இதை முடியவில்லை.

அதற்காகத் தேடிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சில சமயம் படம் விட்டுவிட்ட சங்கதிதான் பெரிதாக இருக்கும். கணித மேதை ஜான் நாஷைப் பற்றிய ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ அப்படித்தான். மனச்சிதைவு நோயில் அவர் தவித்த காலம் முழுக்க மனைவி அலிசியா விலகாமல் கூடவே இருந்ததாகப் படம் காட்டும். உண்மையில் 1963-இல் இருவரும் விவாகரத்து செய்துவிட்டார்கள். இதோடு நிறுத்தினால், “பாத்தியாம்மா” என்பான் உங்கள் பையன். மேலே படிக்கச் சொல்லுங்கள். 1970-இல் அதே அலிசியா அவரைத் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். கணவராக அல்ல, வீட்டில் குடியிருக்கும் ஒருவராக. 1994-இல் நாஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2001-இல், படம் வெளிவந்த அதே வருடம், இருவரும் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று பிரிந்துபோன ஒரு பெண், ஏழு வருடம் கழித்துக் கதவைத் திறந்துவிடுகிறார். படத்தில் வரும் அலிசியாவைவிட இந்த அலிசியாதான் எனக்கு மனதில் நிற்கிறார். முப்பது வருடத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க வழி தெரியவில்லையோ என்னவோ, விட்டுவிட்டார்கள்.

அதனால் ஒன்று செய்யுங்கள். படம் முடிந்த கையோடு கைபேசியை எடுக்கக் கூடாது என்று மகனிடம் ஒப்பந்தம் போடுங்கள். ஒரு ராத்திரி போகட்டும். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். எது கற்பனை என்பதோடு நிற்காமல், அந்தக் கற்பனையால் யார் தலை உருண்டது என்றும் பாருங்கள். நாஷ் படத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை என்றால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். விவாகரத்து விஷயத்தை மட்டும் முன்னாடியே உளறிவிடாதீர்கள்.