வரம்பில் நடக்காத சிப்பாய்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மட்டக்களப்புக் கடலில் தாழ்ந்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரைன் படையைப் பற்றியவை. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மரைன் என்றால் நேவியா, ஆமியா? எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது. (மாணவர், கல்முனை)

இரண்டும் இல்லை. கப்பலில் போய்க் கரையில் இறங்கிக் காலாட்படையாகச் சண்டை போடுகிறவர்கள் மரைன்கள். அமெரிக்காவில் 1775இல் தொடங்கிய தனிப் படை அது; நேவியின் அமைச்சகத்துக்குக் கீழே வருகிறது. மரைன்களுக்கென்று சொந்த மருத்துவ ஆட்கள் கிடையாது, காயக்காரனிடம் ஓடி வருகிறவர் நேவிக்காரர்தான். இலங்கைக் கடற்படையிலும் 2016இல் மரைன் பிரிவு ஒன்று தொடங்கினார்கள். சுனாமிக்குப் பிறகு காலி நகரில் இடிபாடுகளை அகற்ற வந்த அமெரிக்கர்களில் மரைன்களும் இருந்தார்கள்.

எங்கள் கடலில் மரைன்கள் யாரும் இறந்திருக்கிறார்களா? (வாசகர், வாழைச்சேனை)

இறந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிரித்தானியாவின் பெரிய போர்க்கப்பல்களில் றோயல் மரைன்கள் என்ற அந்நாட்டு மரைன்கள் இருப்பது வழக்கம், அவர்களுக்குப் பெரும்பாலும் பீரங்கி வேலைதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹெர்மிஸைக் குண்டு போட்டுத் தாழ்த்தியபோது 307 பேர் இறந்தார்கள், அதில் மரைன்களும் உண்டு. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. தண்ணீரில் தத்தளித்தவர்களில் ஏறக்குறைய 600 பேரை வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. அப்போது என் அம்மம்மாவுக்குப் பத்து வயது. இடி இடிக்கிறது, மழை வரப்போகிறது என்று நினைத்து, முற்றத்தில் காயப்போட்டிருந்த நெல்லை அவசரமாய்க் கூட்டி அள்ளினார்களாம். வானத்தைப் பார்த்தால் ஒரு முகில் இல்லை.

படங்களில் மரைன்கள் படகிலிருந்து குதித்து ஓடிப்போய்க் கரையைப் பிடிக்கிறார்கள். உண்மையிலும் அப்படித்தானா? நாங்கள் மீன்பிடிக் குடும்பம். கரைக்கு வருவது அவ்வளவு லேசு இல்லை என்று அப்பா சொல்கிறார். (உயர்தர மாணவர், கல்லடி)

அப்பா சொல்வதுதான் சரி. தராவாவில் நடந்ததை எழுதுகிறேன், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பசிபிக் கடலில் தராவா என்பது முருகைக்கல் வளையம். அதில் பெற்றியோ என்று ஒரு தீவு, நீளம் மூன்று நாலு கிலோமீற்றர், அகலம் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. அதைப் பிடிக்க 1943 நவம்பர் 20ஆம் திகதி அமெரிக்காவின் இரண்டாவது மரைன் டிவிஷன் இறங்கியது. கரைக்கு முன்னால் முருகைப்பார் இருக்கிறது. படகு அதைத் தாண்ட வேண்டுமென்றால் மேலே நாலடித் தண்ணீராவது வேண்டும், ஆனால் அன்றைக்கு இருந்தது மூன்றடிக்கும் குறைவு. பாதி நிலாக் காலத்தில் கடல் அவ்வளவாக ஏறாது என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். போதாததற்கு நிலாவும் பூமியைவிட்டு மிகத் தள்ளி நின்ற நாட்கள் அவை. முன்னே போன, தண்ணீரிலும் தரையிலும் ஓடுகிற சங்கிலிச் சக்கர வண்டிகள் பாரில் ஏறி அப்பால் போய்விட்டன. பின்னால் ஆட்களை ஏற்றி வந்த படகுகள் பாரில் தட்டி நின்றுவிட்டன. கதவைத் திறந்தார்கள், பொடியன்கள் இறங்கினார்கள்.

அங்கிருந்து கரைக்கு ஐந்நூறு மீற்றருக்கு மேல். ஓடவே முடியாது. இடுப்பளவு, சில இடத்தில் நெஞ்சளவுத் தண்ணீர், முதுகில் மூட்டை, நனையாமல் இருக்கத் துவக்கைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கியிருக்கிறான், காலுக்குக் கீழே கூர்க் கல்லும் குழியும், எதிரே இயந்திரத் துவக்குகள். கைகள் மேலே இருப்பதால் அவனால் திருப்பிச் சுடவும் முடியாது, வேகமாய் வரவும் முடியாது. மூன்று நாலடி உயரத்தில் தென்னங்குற்றி அடுக்கிய அணை ஒன்று கரையில் இருந்தது, தப்பி வந்தவர்கள் அதன் அடியில்தான் ஒண்டிக் கிடந்தார்கள். ஜப்பானியரின் பங்கர்களும் தென்னங்குற்றியும் மணலும் கொங்கிறீற்றும்தான், கப்பலிலிருந்து அடித்த செல் பலவற்றை அந்த மணல் விழுங்கிவிட்டது. சண்டை 76 மணித்தியாலம். அமெரிக்கர் பக்கம் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். தொழிலாளர்களையும் சேர்த்துத் தீவில் ஜப்பானியர் பக்கம் இருந்த நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் உயிரோடு பிடிபட்ட ஜப்பானியர் 17 பேர். அவர்கள் கொண்டுவந்து வேலை வாங்கிய கொரியத் தொழிலாளர்களில் 129 பேர் தப்பினார்கள்.

இன்னொன்று, தாகம். இதைப் படங்களில் காட்டுவதில்லை. அடுத்த வருடம் பெலெலியூ என்ற இன்னொரு பசிபிக் தீவில், நாற்பது பாகைக்கு மேலே வெயில் கொளுத்திய நாட்களில், எண்ணெய்ப் பீப்பாக்களைச் சரியாகக் கழுவாமல் தண்ணீர் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். எரிபொருள் நாறுகிற அந்தத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்தார்கள், பிறகு அதையே குடித்தார்கள். அதற்கெல்லாம் முன்னே சண்டை நடந்த குவாடல்கனால் தீவில் மலேரியா. காய்ச்சல் மாத்திரை தோலை மஞ்சளாக்கிவிடும். அதனால் பல பேர் விழுங்காமல் துப்பினார்கள் என்பதால், வரிசையில் நிற்கவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டி வந்தது. அந்தத் தீவில் துவக்குச் சூட்டைவிட மலேரியா வீழ்த்திய மரைன்கள்தான் அதிகம்.

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனரோடு வேலை செய்த ஒரு வயதானவர் வியட்நாமில் மரைனாக இருந்தவர். போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஒரே ஒரு தடவை, "நாங்கள் வயல் வரம்பில் நடந்ததே இல்லை" என்று மட்டும் சொன்னாராம். ஏன்? (விவசாயி, சம்மாந்துறை)

உங்களுக்கும் எனக்கும் வயலுக்குள் போனால் கால் தானாக வரம்பில் ஏறும். பயிரை மிதிக்கக் கூடாது என்பது நடக்கப் பழகும்போதே பழகிய ஒழுங்கு. புதிதாக வந்த சிப்பாயும் முதல் நாள் வரம்பில்தான் ஏறுவான், காய்ந்த இடம் அதுதானே. எதிராளிக்கும் அது தெரியும், அதனால் பொறியை அங்கேதான் வைப்பான். வெறும் தகரப் பேணி ஒன்றை வரம்போரத்தில் கட்டி, ஊசி கழற்றிய கைக்குண்டை அதற்குள் செருகிவிடுவார்கள். பேணி இறுக்கிப் பிடித்திருப்பதால் அது வெடிக்காது. குண்டில் கட்டிய மெல்லிய கம்பி வரம்புக்குக் குறுக்கே போகும், கால் தட்டினால் குண்டு பேணிக்கு வெளியே வந்துவிடும். அவ்வளவுதான்.

ஆகவே அவர்கள் சேற்றில் இறங்கி நடந்தார்கள். ஒரு வெடியில் இரண்டு பேர் போகாதபடி இடைவெளி விட்டு, முன்னே போகிறவன் கால் வைத்த குழியிலேயே தானும் கால் வைத்து. பகலில் ரோந்து, இரவில் பதுங்கிக் கிடத்தல், இடையில் மாறி மாறிக் கொஞ்ச நேரத் தூக்கம். சப்பாத்தும் காலுறையும் நாட்கணக்கில் ஈரம். உங்கள் ஊரில் நடுகைக் காலத்தில் வருகிற சேற்றுப்புண் உங்களுக்குத் தெரியும். அதைவிட மோசமாக, உள்ளங்கால் வெளுத்துத் தோல் உரிந்து, நடக்க முடியாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அட்டை வேறு. 1967இல் புதிதாகக் கொடுத்த எம்-16 துவக்கு சண்டைக்கு நடுவில் சிக்கிக்கொண்டதில் செத்தவர்கள் உண்டு. வெடிமருந்தை மாற்றியிருந்தார்கள், துடைக்கிற சாமான்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, இருபது வயதுக்காரனை அனுப்புகிறவர்கள் செய்கிற வேலையா இது.

மிதிபட்ட பயிர் யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். 1965 மார்ச்சில் தானாங்கில் இறங்கிய மரைன்கள் தெற்கு வியட்நாமின் வடக்கு ஐந்து மாகாணங்களில்தான் சண்டை போட்டார்கள், அங்கே இருந்த சனங்கள் உங்களைப் போல நெல் விதைக்கிறவர்கள். பகலில் ஒரு துவக்கு, இரவில் ஒரு துவக்கு என்று நடுவில் அகப்பட்ட சனம். அது எப்படியிருக்கும் என்று நம் மாவட்டங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அந்த வயதானவரின் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மரைனுக்கு வியட்நாமில் 13 மாதம். அந்தக் கணக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. முடிந்ததும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சேற்றில் நின்றவன் சில நாளில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தனியாக இருப்பான், கூட இருந்தவர்கள் இன்னும் அங்கேயே. அந்த மன உளைச்சலுக்கு வைத்தியப் புத்தகத்தில் முறையாக ஒரு பெயர் கிடைத்ததே 1980இல்தான். மைத்துனர் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். எங்கள் ஊரிலும் வயல்தான் என்று சொல்லட்டும், அவர் கதைக்க நினைத்தால் கதைப்பார்.

என் மகளின் மகன் அமெரிக்காவில் பிறந்தவன். வயது 18. மரைனில், அதுவும் காலாட்படையில் சேரப்போகிறானாம். நான் எப்படித் தடுப்பது? (ஒரு அம்மம்மா, ஆரையம்பதி)

அம்மா, 18 வயதானால் பெற்றோரின் கையெழுத்தே தேவையில்லை, உங்களிடம் எங்கே கேட்பார்கள். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. ஒப்பந்தம் மொத்தம் எட்டு வருடம். வழக்கமாக நாலு வருடம் முழுநேரம், மிச்சம் கூப்பிட்டால் போக வேண்டிய காலம். முதல் பயிற்சி 13 கிழமை. கையெழுத்து வைத்திருந்தாலும் பயிற்சிக்குப் புறப்படும் நாள் வரை விலகிக்கொள்ள வழி இருக்கிறது. காலாட்படையைத் தவிர வேறு துறைகளும் உண்டு. எந்தத் துறை என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள், வாயால் சொன்னது கணக்கில் வராது.

உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கம் 1990ஆம் ஆண்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கிணற்றடிக்குப் பின்னால் தென்னங்குற்றி போட்டு மூடிய பங்கரில் மூன்று பிள்ளைகளோடு இருந்த இரவு, சின்னவள் அழாமல் இருக்க வாயில் சீனியைப் போட்டுக்கொண்டே இருந்தது, விடியச் சீனிப் போத்தல் வெறுமையாக இருந்தது. அந்தச் சின்னவள்தான் இந்தப் பேரனின் தாய் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். பேரனிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? போகாதே என்று சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். அந்த இரண்டு பக்கங்களையும் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் போனில் நீங்களே வாசித்துக் காட்டுங்கள், மகளும் பக்கத்தில் இருக்கட்டும்.